சித்தப்பாவின் காருக்கு ஒரு சிப்

ராஜபாளையம் மில்லுக்குக் கல்லூரிப் பயிற்சிக்காகப் போயிருந்தபோதுதான் அந்த யோசனை தட்டியது. ஓடும் எந்திரத்தின் பக்கத்தில் சுண்டுவிரல் அளவு காந்த சென்சார் ஒன்று, மேலெல்லாம் பஞ்சு படிந்தும் சுற்றுகளைப் பிசகாமல் எண்ணிக்கொண்டிருந்தது. இது சித்தப்பாவின் வாடகைக் காருக்கு ஆகுமே!

எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பாயிண்ட் அடிக்கடி தேய்ந்து, அந்தப் பழைய கார் வழியிலேயே நின்றுவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாணச் சவாரிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

பாயிண்டுக்குப் பதில் ஒரு சிப்பே தீப்பொறியின் நேரத்தைக் கணக்கிடும் சர்க்யூட்டை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் இன்டர்நெட்டில் போட்டிருந்தார். எஞ்சினின் சுற்றை எண்ணிச் சிப்புக்குச் சொல்ல அதில் இருந்தது ஒளி சென்சார். வகுப்புத் தோழன் அதையே வாங்கச் சொன்னான்.

"மில்லுல லைட் சென்சாரத் தினமும் தொடைக்காங்கடா. எஞ்சின் ஆயிலுக்குள்ள யாரு தொடைப்பா?" என்றேன். காந்தமே முடிவாயிற்று.

சித்தப்பாவிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏலே, தேவதானம் ரோட்டுல ஒன் கம்ப்யூட்டர் படுத்துட்டா, மாப்பிள்ளையவா எறங்கித் தள்ளச் சொல்லுவேன்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"பழைய பாயிண்டு அப்படியே இருக்கும் சித்தப்பா. ஒரு சுவிட்சு வைக்கேன். என்னுது நின்னா அதத் தட்டுங்க, பழசுல ஓடும்."

"ஞாயித்துக்கெழம சவாரி இல்ல. சோழபுரம் வரைக்கும் நாம ரெண்டு பேரும் போவோம். நின்னா நீதான் தள்ளணும்."

சிப்புக்கு முன்னால் சுவிட்சைத்தான் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, ஓடும் வண்டியில், முதலில் அதைத்தான் தட்டிப் பார்க்க வேண்டும்.