உப்புப் பார்க்கிறவர்

கம்பத்தில், கேரளத் தோட்டங்களுக்கு ஜீப் கிளம்பும் இடத்தில் ஹபீபா நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறாள். தேங்காய் எண்ணெயில் மட்டும்தான். மலையேறுகிறவர்கள் வாசம் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

பக்கத்தில் தள்ளுவண்டியில் திராட்சை விற்கும் சீனிச்சாமிக்கு அந்த வாசமே ஆகாது.

“தலைக்குத் தேய்க்கிறத அடுப்புல ஊத்துறியே ஆத்தா, கடலெண்ணெய்க்கு என்ன கேடு?” என்பார் தினமும்.

“திங்கிறவுக திங்கிறாக. உங்களயா கூப்பிட்டேன்?” என்று அவளும் வெடுக்கென்று கேட்பாள்.

காய் வேகும்போது கொதிக்கிற எண்ணெயிலேயே உப்புத் தண்ணீரைத் தெளிப்பாள். சடசடவென்று பொங்கி அடங்கும். முதல் ஈட்டில் ஒன்றைக் கடித்து உப்புப் பார்த்துக்கொள்வாள். ரம்ஜான் மாதத்தில் அதற்கு வழியில்லை. நோன்பு வாயில் எதையும் வைக்க மாட்டாள். உத்தேசமாகத் தெளித்ததில் ஒருநாள் உப்புக் கரித்து, வாங்கியவர் திட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் சீனிச்சாமி தானாகவே வந்தார். “கொண்டா, நான் பாக்குறேன்.” மூக்கைச் சுளித்துக்கொண்டே மென்றார். “உப்பு கம்மி. வாடை சாஸ்தி.”

நோன்பு முடியும்வரை அவர்தான் பார்த்தார்.

பெருநாள் கழிந்து கடை திறந்த காலை. முதல் ஈட்டில் ஒன்றை ஊதித் தன் வாயில் போட்டுக்கொண்டாள் ஹபீபா. உப்பு சரியாக இருந்தது. நிமிர்ந்தால், எதிரே கையை நீட்டியபடி சீனிச்சாமி.

“நோன்பு முடிஞ்சிருச்சுண்ணே. இனி நானே பாத்துக்கிருவேன்.”

நீட்டிய கை மடங்கவில்லை.

“ஒரு மாசமா பட்டினி கெடந்த நாக்கு, அதுக்கு என்ன தெரியும்?” என்றார். “இன்னைக்கும் நானே பாக்குறேன்.”