ஒட்டிப்போன ஒன்பதாம் பாடம்

நான் நான்காம் வகுப்பில் இருந்த வருடம் அத்தை இத்தாலிய மொழி படித்தாள். அப்பாவின் தங்கை, தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். திருக்காட்டுப்பள்ளியில் எங்களோடுதான் இருந்தாள். இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை பார்த்து வைத்தவர் அப்பா. போக வேண்டும் என்றார்; "சரிங்கண்ணே" என்றாள். அதற்கு மேல் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மொழித் தேர்வில் தேறினால் விசா.

வேலையிலிருந்து வந்ததும் அத்தை என்னிடம் பாடம் ஒப்பிப்பாள். ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் புத்தகத்தில் தமிழை நான் வாசிக்க வேண்டும். இத்தாலிய மொழியில் அவள் சொல்ல வேண்டும். தவறினால் தலையில் குட்டும் அதிகாரம் எனக்கு இருந்தது. அதை நான் வீணாக்கவில்லை.

ஒருநாள் ஒன்பதாம் பாடத்தை முன்கூட்டியே புரட்டினேன். கட்டாயத்தையும் கடமையையும் சொல்லும் பாடம். 'தேவோ பர்த்தீரே, நான் புறப்பட வேண்டும்' என்று தொடங்கி, நீ புறப்பட வேண்டும், அவள் புறப்பட வேண்டும் என்று எதிரெதிரான இரண்டு பக்கங்களிலும் யாராவது புறப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். இதைச் சொல்லத் தெரியாதவளை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று முடிவு செய்தேன். நாலு சோற்றுப் பருக்கைகளை நசுக்கி இரண்டு பக்கங்களையும் ஒட்டினேன்.

அன்று சாயங்காலம் எட்டாம் பாடம் முடிந்ததும் அத்தை தாளைத் திருப்பினாள். தடித்திருந்த ஓரத்தை நகத்தால் ஒருமுறை நீவினாள்.

"அடுத்தது பத்துதானே டீச்சர்?"

"ஆமா," என்றேன்.

தேர்வு சென்னையில் நடந்தது. முடிவு வந்த அன்று அப்பா வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். வாய்மொழித் தேர்வில் அத்தை தேறவில்லை.

"அப்படி என்னதான் கேட்டாங்க?"

"ஒரு நர்ஸ் தினமும் என்னென்ன செய்யணும்னு சொல்லச் சொன்னாங்கண்ணே."

"நீ தினமும் செய்யறதுதானே?"

"செய்யறேன். சொல்ல வரல. அந்தப் பாடம் என் புத்தகத்துல இல்ல."

நான் மெல்ல வாசலைப் பார்த்து நகர்ந்தேன். ஆனால் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "பாடத்தையே முழுங்கிட்டுப் புத்தகம் போடறானுங்க," என்று பயிற்சி நிலையத்தைத் திட்டினார். பிறகு, "அடுத்த தடவை எழுது," என்றார்.

"அதுக்குள்ள வேற ஆள் எடுத்துடுவாங்கண்ணே," என்று அவருக்கு ரசம் ஊற்றினாள் அத்தை.

அன்று அவள் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டாள். எனக்கு அடி விழக்கூடாது என்பதற்காக ஒரு நாட்டையே விட்டுக்கொடுத்துவிட்டு, துக்கத்தை இப்படி மறைக்கிறாள் என்று நினைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் என் அப்பளத்தை அவள் தட்டில் வைத்தேன். அத்தை மறுக்காமல் எடுத்துக் கடித்தாள்.