தண்ணீர் குடிக்காத நல்லதம்பி

விடியும் முன்பே வீட்டுப் பின்புறம் நின்று காது கொடுத்துக் கேட்கிறார் நல்லதம்பி. தன் சிறுநீர் விழும் சத்தம் விட்டு விட்டு வருகிறது. உள்ளே அடுப்பைப் பற்றவைக்கும் மனைவி அமிர்தவல்லிக்குக் குரல் கொடுக்கிறார்: "வல்லி, இன்னைக்கும் பால் ஓடல. சொட்டுது."

"மெல்லப் பேசுங்க. பாம்பூஃப்ளாட் ஊருக்கே கேக்குது."

"கேக்கட்டுமே. நான் என்னா களவா எடுத்தன்?"

இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து இளவயதில் வந்து, கச்சால் தீவில் ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டியவர். சுனாமிக்குப் பிறகு இங்கே பாம்பூஃப்ளாட்டில் ஒரு கிடங்கில் காவல். உடம்பைப் பற்றிப் பேசவும் அவருக்கு ரப்பர் தோட்டப் பேச்சுத்தான் வரும். மற்ற ஆண்கள் இதையெல்லாம் மறைத்து வைத்து, முற்றவிட்டு வருவார்கள். இவர் இரவில் அடிக்கடி எழத் தொடங்கியதுமே டாக்டரிடம் போனார். ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு முறையும் அதில் சுரப்பிக்கான எண் ஏறியது.

அவருக்குப் பயம் கடலைக் கடக்கும் ஃபெர்ரியிடம்தான். எதிர்க்கரையான சாத்தாம் போய்ச் சேரும்வரை அடக்க முடியாதே என்று, டவுனுக்குப் போகும் நாளில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அமிர்தவல்லி பையில் வைக்கும் பாட்டில் அப்படியே நிறைந்து வீடு திரும்பும். டாக்டர் எழுதித் தந்த ஸ்கேனுக்கும் அப்படியே காய்ந்துபோய் நின்றார். "பானி பியா, சாச்சா?" என்று, தண்ணீர் குடித்தாரா எனக் கேட்ட ஸ்கேன் பெண்ணிடம், ஒரு சொட்டுகூட இல்லை என்று இந்தியிலேயே பெருமையாகச் சொன்னார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சிறுநீர்ப்பை நிறைந்தால்தான் படம் தெரியும்; நாளைக்கு நிறையக் குடித்துவிட்டு வாருங்கள் என்றாள்.

மறுநாள் படகுத்துறையிலேயே வயிறு முட்டக் குடித்தார். பாதி வழியில் ஒரு கப்பலுக்கு வழிவிட ஃபெர்ரி நின்றுவிட்டது. நல்லதம்பி கைப்பிடிக் கம்பியைப் பற்றினார். கழுத்து நரம்பு புடைத்தது. கரை சேரும்வரை பிடியை விடவில்லை. அமிர்தவல்லி அந்தப் பிடியை முன்பு ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். கச்சாலில் கடல் ஏறி வந்தபோது ஒரு கையால் ரப்பர் மரத்தையும் மறு கையால் அவளையும் பிடித்திருந்த பிடி அது. இந்த ஒல்லி உடம்பில் இதெல்லாம் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குப் போலவே வாய் பிளந்து பார்த்தாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், புற்றுநோயாக இருக்கலாம், ஊசியால் பன்னிரண்டு இடத்தில் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

"ஒரே மரத்துல பன்னெண்டு வெட்டா? எங்க கங்காணி பாத்தா ஒங்களுக்கு அரை நாள் கூலிதான் போடுவான் சார்."

டாக்டர் சிரித்துவிட்டார். அமிர்தவல்லிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சதைத் துண்டுகள் பரிசோதனைக்காகக் கடல் கடந்து மெயின்லேண்டுக்குப் போயின. முடிவு வந்துவிட்டது, நேரில் வாருங்கள் என்று நேற்று போன் வந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்று காலை ஃபெர்ரியில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது அவள் கைதான்.

"நல்ல சேதின்னா போன்லயே சொல்லியிருப்பாங்கல்ல?"

"கத்தி வைக்காம பால் தெரியாது புள்ள."

கரைகள் இரண்டும் சமதூரத்தில் நின்றன. நல்லதம்பி அவள் பையைத் திறந்து, ஃபெர்ரியில் அவர் தொட்டே இராத பாட்டிலை எடுத்தார். அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தார். மூடியைத் திருகி, வெறும் பாட்டிலை அவள் கையில் கொடுத்தார்.