டிரைவர் போட்ட ஒப்பு

என் எழுதுமேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு படிவம் கிடக்கிறது. கார்ப் பந்தயங்களில் ஓட்டுநரை மாற்றும்போது, விலகுகிற ஓட்டுநர் எழுதிக் கொடுக்கும் சம்மதப் படிவம். பெயர், வண்டி எண், எந்தச் சுற்று, என்ன காரணம் என்று கேட்கும் கட்டங்கள் எல்லாம் காலியாக இருக்கின்றன. கீழே மட்டும் ஒரு கையெழுத்து. மூலையிலிருந்து மூலைக்கு நீலப் பேனாவால் இரண்டு கோடுகள். கையெழுத்து எங்கள் டிரைவருடையது. கோடுகளை நான் போடவில்லை.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் கோப்பு பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பந்தயக் காருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர், ஆசைக்கு ஒரு பந்தயக் கார் வைத்து அணி நடத்திக்கொண்டிருந்தார். முதல் வருஷம் மூன்று சுற்றுகளில் அவருடைய கார் ஓடவே இல்லை. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, விண்ணப்பத்தில் குறை. நுழைவுப் படிவம் தாமதம், காப்பீட்டுச் சான்று காலாவதி, இன்னொரு முறை எடைச் சீட்டில் முத்திரை இல்லை. பந்தயம் என்பது முக்கால்வாசி காகிதம் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. காகிதம் என்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அணி மேலாளர் என்று எனக்குப் பெயர். ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் நான் போன பிறகு எங்கள் வண்டி ஒரு சுற்றிலும் வாசலில் நிறுத்தப்படவில்லை. எங்கள் கோப்பைத் தொழில்நுட்பப் பரிசோதகர்கள் மற்ற அணிகளுக்குக் காட்டுவார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. எதற்கு உதவியது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

டிரைவர் தேங்காய்ப்பட்டணத்துக்காரன். அணியில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பந்தயத்துக்கு வருமுன் துறைமுகத்திலிருந்து கொல்லத்துக்கு மீன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கடற்கரைச் சாலையில் மீன் வண்டிகள் ஓடுகிற வேகம் ஊரறிந்தது. ஆனால் இவனுடைய வேகம் வேறு மாதிரி. ஐஸ் கரைந்த தண்ணீர் வண்டியின் அடியில் தளும்பிக்கொண்டிருக்கும். வளைவில் ஒடித்துத் திருப்பினால் அது பின்னால் பைக்கில் வருகிறவன் சட்டையில் விழும். அவன் அடுத்த கடைத்தெருவரை துரத்தி வந்து தாயையும் தகப்பனையும் சேர்த்து ஏசுவான். அந்த ஏச்சுக்குப் பயந்தே தண்ணீர் சிந்தாமல் வளைக்கப் பழகிக்கொண்டதாக டிரைவர் சொல்வான். பந்தயத்தில் அதற்கு மதிப்பு அதிகம். டயரைத் தேய்க்காமல் ஓட்டத் தெரிந்தவனுக்குத்தான் பந்தயத்தின் கடைசி நேரத்தில் டயர் மிச்சமிருக்கும். மற்றவர்கள் பாதியில் வழுக்கத் தொடங்கும்போது இவன் ஒவ்வொருவராக எட்டிப் பிடிப்பான். பந்தயக் காரை ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழிக் காற்றைக் கடந்து கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் போகிற லாரியையும் அவனேதான் ஓட்டினான். கனரக உரிமம் அணியில் அவனிடம் மட்டுமே இருந்தது.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. விதியில் கிடையாது, எல்லோரும் செய்வோம். மேலதிகாரி முகாமுக்குப் போகுமுன் நாலைந்து வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது. அவசரத்துக்கு உதவும். அந்தப் பழக்கத்தைப் பந்தயத்துக்கும் கொண்டு போனேன். ஓடுதளத்தில் டிரைவர் எப்போதும் வண்டிக்கு அடியில் கிடப்பான், அல்லது கை முழுக்க கிரீஸாக இருக்கும். ஆகவே சீசன் தொடங்கும் முன்பே என் வீட்டுக்கு வரச்சொல்லி, பந்தயச் சட்டப் புத்தகத்தின் பின்னிணைப்பில் உள்ள படிவங்கள் அத்தனையிலும் கையெழுத்து வாங்கினேன். மைக்கறை பட்டால் மாற்ற, எல்லாவற்றிலும் ஒரு பிரதி கூடுதலாக. ஆங்கிலத்தில் இருந்த அவற்றை அவன் ஒன்றுகூடப் புரட்டிப் பார்க்கவில்லை. இது என்ன, அது என்ன என்று நானாகச் சொல்லத் தொடங்கியபோது தடுத்துவிட்டான்.

“சாரே, நீங்க காட்டுத எடத்துல ஒப்பு போடுதேன். வாசிக்கதுக்குத்தானே உங்கள வச்சிருக்கு?”

கையெழுத்தை எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் ஒப்பு என்பார்கள். அன்று அவன் போட்ட ஒப்புகளில் இரண்டு, இந்தச் சம்மதப் படிவத்தின் இரண்டு பிரதிகளில் விழுந்தவை.

அந்த வருஷம் மொத்தம் ஆறு சுற்று, சுற்றுக்கு ஒரு பந்தயம். நான்கு முடிந்தபோது அணிகளின் பட்டியலில் நாங்கள் இரண்டாமிடம், ஓட்டுநர்களின் பட்டியலில் அவனும் இரண்டாமிடம். ஒரே ஒரு கார் வைத்துக்கொண்டு, ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில் அதைப் பழுது பார்க்கிற அணி. கோயம்புத்தூரின் பெரிய கம்பெனி அணி ஒன்றின் மேலாளர் நான்காவது சுற்று முடிந்ததும் வந்து டிரைவரிடம் பேசினார். கடைசி இரண்டு சுற்றையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு; நன்றாக ஓட்டினால் அடுத்த வருஷம் சம்பளத்துக்கு ஓட்டலாம் என்றார். திரும்புகிற வழியில் டிரைவர் லாரியில் வாய் மூடவே இல்லை. இனி மீன் வாடை இல்லாத சட்டை தைத்துக்கொள்வேன் என்றான். உங்களையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போவேன், எனக்குப் பேப்பர் பார்க்க வேறு ஆள் ஆகாது என்றான். அவனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. இந்தத் தொழிலில் அந்த வயதுக்காரனை இரண்டாவது தடவை யாரும் கூப்பிடுவதில்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த வாரம் முதலாளி என்னை வரச்சொன்னார். வளைகுடாவில் உதிரிபாகக் கடைகள் வைத்திருக்கும் ஒருவர் அடுத்த வருஷம் எங்கள் அணிக்குப் புரவலராக வர விரும்புகிறாராம், இரண்டாவது காரும் வாங்கித் தருவாராம். அவர் மகன் அங்கே சின்னப் பந்தய வண்டிகள் ஓட்டிப் பழகியவர். கடைசி இரண்டு சுற்றை அவர் ஓட்ட வேண்டும். நான் சட்டப் புத்தகத்தைத் திறந்து விதியைப் படித்துக் காட்டினேன். கடைசி இரண்டு சுற்றுகளில் ஓட்டுநரை மாற்றுவதென்றால் மருத்துவச் சான்று வேண்டும், இல்லையென்றால் பழைய ஓட்டுநரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். சீசன் முடியும் நேரத்தில் செல்வாக்கு உள்ளவன் வந்து உழைத்தவனை இருக்கையிலிருந்து தள்ளிவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதி அது. இதையும் சொன்னேன். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவனுக்க ஒப்பு உங்க ஃபைல்ல கிடக்குல்லா சாரே?” என்றார்.

ஆமாம், கிடக்கிறது என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். இதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அவ்வளவுதான் செய்திருக்க வேண்டும், ஒரு சொல். ஆனால் என் கோப்பில் ஒரு காகிதம் இல்லை என்று யாரிடமும் நான் சொன்னதே கிடையாது. கேட்ட காகிதத்தை அந்த நிமிஷமே எடுத்துக் கொடுப்பவன் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன். காரணம் என்ற கட்டத்தில் ‘சொந்தக் காரணங்கள்’ என்று எழுதினேன். என் எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும்.

டிரைவரிடம் சொல்லும் பொறுப்பை முதலாளி என்னிடம் விட்டார். நான் முதலாளியிடம் விட்டேன். இருவரும் சொல்லவில்லை. சொன்னால் லாரி ஓட்ட ஆள் இருக்காது என்பது ஒரு காரணம். ஆக, தன்னை இறக்கிவிட்ட காரைத் தானே லாரியில் ஏற்றி, கயிறு கட்டி, வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி முடிச்சை இறுக்கி, கோயம்புத்தூருக்கு அவனே கொண்டுவந்து சேர்த்தான். காலையில் தலைக்கவசத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவன் அறிவிப்புப் பலகையில் எங்கள் வண்டி எண்ணுக்கு எதிரே வேறு பெயரைப் பார்த்திருக்கிறான். எழுத்துப் பிழை என்று நினைத்து என்னைத் தேடினான். நான் இல்லாததால் நேராக நடுவர் அறைக்குப் போய்விட்டான். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

நடுவர் படிவத்தை மேசைமேல் வைத்திருந்தார். நேர்மையான மனிதர். இது உங்கள் கையெழுத்துதானா என்று அவனிடம் கேட்டார். அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, குரல் உயராமல் கேட்டான்.

“எனக்க ஒப்புதான் சாரே. எப்பம் போட்டேன்?”

நடுவரும் என்னைப் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே படிவத்தைக் கிழித்துப் போட்டிருப்பார். கூடவே எனக்கும் அணிக்கும் ஆயுள் தடை. “கையெழுத்து அவருடையதுதான்” என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அப்படிப் பதில் சொல்லத்தான் முப்பத்து நான்கு வருஷம் பயிற்சி எடுத்திருந்தேன். டிரைவர் தகராறு செய்யவில்லை. லாரிச் சாவியை மேசையில், படிவத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான். லாரியை ஊருக்குத் திரும்ப ஓட்டிவர ஆள் தேடிப் பிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. அந்த ஓட்டுநர் மாற்றத்துக்குப் படிவம் எதுவும் தேவைப்படவில்லை.

புரவலரின் மகனைக் குறை சொல்ல மாட்டேன். மரியாதையான பிள்ளை. வண்டியில் ஏறுமுன் என்னிடம் தனியாக வந்து, அந்த அண்ணனுக்கு இதில் சம்மதம்தானே என்று கேட்டார். நகலைக் காட்டினேன். சமாதானமாகிவிட்டார். பந்தயத்தில் பாதி தூரம் நன்றாகவே ஓட்டினார். பிறகு டயர் போய்விட்டது. ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அணி இரண்டாமிடத்திலிருந்து நாலாமிடத்துக்கு இறங்கியது. மெக்கானிக் டயர்களைக் கழற்றி அடுக்கிவைத்துவிட்டு, “இதுல அந்த மீன்காரன் இன்னும் பத்துச் சுத்து ஓடியிருப்பான்” என்றான். யாரிடமும் சொல்லவில்லை, டயரிடம் சொன்ன மாதிரி இருந்தது.

முதலாளிக்குப் பயம் வந்துவிட்டது. கடைசிச் சுற்றுக்கு அவனையே கூப்பிடலாம், புரவலரிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீங்கள் போய் ஒப்பு வாங்கி வாருங்கள் என்றார். மறுபடி சேர்வதற்கும் ஒரு படிவம் உண்டு. இந்த முறை ஒப்பு விழாத புதுப் படிவம் ஒன்றை ஒரு கட்டம் விடாமல் நிரப்பி எடுத்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் போனேன். உச்சிவெயிலில் துறைமுகத்தில் வண்டியில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் எனக்கு ஒரு டீ சொன்னான். நான் வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டான். படிவத்தைக் கையில் வாங்கவில்லை. கை ஈரம் என்றான்.

“இதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா சாரே? எனக்க ஒப்பு உங்க கையில இன்னும் மிச்சம் கெடக்குமே. வேணும்ங்கத எழுதிக்கிடுங்க.”

சுற்றி நின்றவர்களுக்கு அது தமாஷாகப் பட்டது. ஒருவன் சிரிக்கக்கூடச் செய்தான். டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். முதலாளியிடம் அவன் சொன்னதை அப்படியே சொன்னபோது, “காயிதமா சாரே வண்டி ஓட்டப் போகுது?” என்று கேட்டார். அந்தக் கேள்வி ஒரு மாதம் முந்தி அவருக்குத் தோன்றியிருக்கலாம். எனக்கும் தோன்றியிருக்கலாம்.

கடைசிச் சுற்றில் எங்கள் கார் முதல் வளைவிலேயே சரளையில் இறங்கி நின்றுவிட்டது. அந்த வருஷம் ஆறாமிடம். புரவலர் அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. முதலாளி காரை விற்றுவிட்டு மறுபடி முழுநேரமும் ரப்பர் பார்க்கிறார். கம்பெனி அணி வேறொருவரை எடுத்துக்கொண்டது. கடைசி இரண்டு சுற்றிலும் டிரைவர் ஓடாததற்கு அவர்கள் பதிவேட்டில் காரணம் இருக்கிறது: சொந்தக் காரணங்கள்.

இது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. இப்போது எனக்கு வேலை, ஊர்க்காரர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது. போன மாதம் ஒரு பெண் வந்தாள். மகளின் படிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும் என்றாள். தகப்பன் பெயரைச் சொன்னதும் என் பேனா நின்றுவிட்டது; எங்கள் டிரைவரின் பெயர். யார் அனுப்பியது என்று கேட்டேன். அவர்தான் என்றாள். நெய்யூர் ஆஸ்பத்திரிப் பக்கம் மனு எழுதுகிறவர், இ-சேவை மையம் என்று எத்தனையோ பேர் இருக்க, நாகர்கோவிலில் சாரிடம் போ, எழுத்தில் ஒரு பிழை வராது என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். எட்டுப் பக்கத்தையும் நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில் தகப்பனின் உறுதிமொழி. அவரையும் கூட்டி வந்திருக்கலாமே, கையெழுத்தை இங்கேயே வாங்கியிருக்கலாம் என்று, பழக்க தோஷத்தில், வாயில் வந்துவிட்டது.

அவள் சங்கடப்படாமல் சொன்னாள். “எல்லாத்தையும் எழுதி முடிச்ச பொறவு கொண்டாரச் சொன்னாவ சார். மவ கிட்ட முழுசும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் ஒப்பு போடுவாவளாம்.”

சரி என்று எடுத்து உறையில் வைத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது பழைய கோப்பைத் திறந்து, அவன் ஒப்போடு மிஞ்சிக் கிடந்த சம்மதப் படிவப் பிரதியையும் எடுத்து அதே உறைக்குள் வைத்தேன். இது எதுக்கு சார் என்று கேட்டாள். அவருடைய பொருள், அவரிடம் கொடுத்துவிடு என்றேன். அவன் கிழித்துப் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதற்காகத்தான் கொடுத்தேன் போலிருக்கிறது.

நாலாம் நாள் தபாலில் திரும்பி வந்தது. கடிதம் எதுவும் இல்லை. இரண்டு கோடுகள் மட்டும், அளவுகோல் வைத்து இழுத்தவை. மகளின் பள்ளி அளவுகோலாக இருக்கும். ஒரு ஆவணத்தை ரத்து செய்தால் கோட்டின் அருகே தேதி போட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும், இல்லாவிட்டால் ரத்து செல்லாது என்பது விதி. தினமும் மேசையில் உட்காரும்போது அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். அங்கே அவன் ஒப்பு போடவில்லை.