ஒரு கட்டி கற்பூரம்

காரின் ஆயில் மூடியைத் திருகி எடுத்த உலகநாதன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். கறுப்பாக இருக்க வேண்டிய இஞ்சின் ஆயில், மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் கலந்தால்தான் ஆயில் இப்படியாகும். எவன் கலந்தான் என்று எஜமான் கேட்பார். கொட்டகைச் சாவியோ உலகநாதன் இடுப்பில் இருந்தது.

மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன், பூந்தமல்லி பஸ் ஒன்றில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு கார் ஓட்டப் படித்தவன் அவன். பருத்திப்பட்டு மிராசுதார் திருவேங்கடம் கூப்பிட்டு வேலை கொடுத்தபோது ஊரே பொறாமைப்பட்டது. அவன் மட்டும் தயங்கித் தயங்கித்தான் போய்ச் சேர்ந்தான். யுத்த காலத்தில் ஆயில் கிடைப்பது குதிரைக்கொம்பு. முந்தைய டிரைவர் சம்பத் அதைத் திருடி விற்றான் என்று ஒரு சந்தேகம், வெறும் சந்தேகம்தான். அதற்கே களத்துமேட்டுப் பனைமரத்தில் கட்டிவைத்து, புளிய மிளாறு பிய்ந்துபோகும் வரை அடித்தார்கள். உலகநாதன் கூட்டத்தில் நின்று பார்த்தவன். இப்போது ஆயிலைத் திருடிவிட்டுத் தண்ணீரை ஊற்றினான் என்பார்கள். இல்லையென்று சொன்னால் யார் கேட்பார்கள்?

பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததிலிருந்து அந்தப் பழைய கார் கொட்டகையை விட்டு நகரவில்லை. சும்மா கிடந்தால் கெட்டுவிடுமே என்று மிராசுதார் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். தினமும் காலையில் காருக்கு ஒரு கட்டி கற்பூரம் ஏற்றி இஞ்சினைக் கிளப்ப வேண்டும். கற்பூரம் அணைந்ததும் நிறுத்திவிட வேண்டும். பெட்ரோலும் மிச்சம், சாமிக்கும் திருப்தி. ஏரிக்காற்று ஈரமாக வீசிய அந்த மழைக்காலம் முழுக்க அவன் ஒரு நாளும் தவறவில்லை.

அன்று பார்த்துத்தானா, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் காஞ்சிபுரம் போகணும் என்று அவர் வந்து நிற்க வேண்டும்!

"இன்னாடா, பேயறஞ்ச மாதிரி நிக்கிறே? வண்டி நல்லாத்தானே கீது?"

"நல்லா கீதுங்க எஜமான்," என்றான். அவசர அவசரமாக மூடியை மாட்டினான்.

வழியெல்லாம் அவனுக்கு இஞ்சினில்தான் காது. ஸ்ரீபெரும்புதூர் நெருங்கும்போது பானெட் ஓரமாக வெள்ளை ஆவி கசிந்தது. தொலைந்தோம் என்று நினைத்தான். பின்சீட்டில் எஜமான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தப் பயம், ஓட்டவும் பயம். மாங்காட்டு அம்மனை வேண்டிக்கொண்டே ஓட்டினான். போகப்போக ஆவி நின்றது.

காஞ்சிபுரத்தில் எஜமான் உள்ளே போனதும் மூடியைத் திறந்தான். வெள்ளையைக் காணோம்! அப்போதுதான் புரிந்தது. தண்ணீரை யாரும் ஊற்றவில்லை. சோற்றுப்பானை மூடியில் நீர் கோத்துக்கொள்வதுபோல, இஞ்சின் சூடேறுவதற்குள் கற்பூரம் அணைந்ததென்று தினமும் நிறுத்தி நிறுத்தி, காற்றின் ஈரம் உள்ளேயே தங்கிவிட்டிருக்கிறது. இன்று நெடுந்தூரம் ஓடிய சூட்டில் ஆவியாகப் போய்விட்டது. கெடுத்தது எஜமானின் கற்பூரம்தான். எப்படியாவது சொல்லிவிட வேண்டும்.

சம்பந்தம் முடிந்த பூரிப்போடு மிராசுதார் வெளியே வந்தார்.

"பாத்தியாடா? இவ்ளோ தூரம் வந்தும் ஒரு மக்கர் இல்லே. எல்லாம் அந்தக் கற்பூரத்தோட மகிமை! நாளையிலேர்ந்து சாயங்காலமும் ஏத்திடு."

உலகநாதன் வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் காலையில் ஆயிலில் தண்ணீர் இருந்ததையும் சொல்ல வேண்டும். நல்லா கீது என்று புளுகியதையும் சொல்ல வேண்டும். பனைமரம் கண்முன் வந்து நின்றது.

"ஆவட்டுங்க எஜமான்."

புறப்படுவதற்கு முன் கோயில் தெருக் கடைக்கு ஓடினான். இஞ்சின் சூடேறும் வரை அணையாமல் எரியும்படி, இருந்ததிலேயே பெரிய கற்பூரக் கட்டியாகப் பார்த்து வாங்கி, அவர் கண்ணில் படாமல் மடியில் சொருகிக்கொண்டான்.