உப்புக்குள் நின்ற மூன்று தூண்கள்

அருள்தாஸ் போய்விட்டார் என்று அனுமந்தையிலிருந்து அவர் மனைவி மேரிதான் போன் செய்தார். “காலையில டீ குடிச்சாரு, நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்ளோதாங்க. உங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்னு தோணுச்சு.” எனக்கா முதலில்! உப்பளத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என்ன வேலை பார்த்தார் என்று இங்கே அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் பலருக்குத் தெரியாது. இரும்பை அறுக்காமல், துளை போடாமல், கைக்குள் அடங்கும் ஒரு மீட்டரால் ஒலியை உள்ளே அனுப்பி, துரு தின்றது போக எவ்வளவு மிச்சம் என்று சொல்வார். உப்புக்காற்றில் நிற்கும் ஷெட்டுகளின் தூண்களை அளக்க எங்கள் கம்பெனி அவரைத்தான் கூப்பிடும். புதுப் பெயிண்டைப் பார்த்தாலே அவருக்கு ஆத்திரம் வரும். “மேல பவுடர் அடிச்சா உள்ள இருக்கற நோவு போயிடுமாய்யா?” என்று திட்டிக்கொண்டே சுரண்டுவார். தான் அளந்த தூணுக்குக் கீழேதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். நாங்கள் கேலி செய்வோம். அவர் சட்டை செய்ததில்லை.

கடல் உள்ளே வந்துபோன அடுத்த வருஷம், மழைக்கு முன்னால், எங்கள் பெரிய ஷெட்டை அளக்க வந்தார். சீசன் முடிவில் உப்பையெல்லாம் ஷெட்டுக்குள் பின்பக்கமாகக் குவித்துவிடுவது எங்கள் வழக்கம். பின்வரிசைத் தூண்கள் மூன்றும் இடுப்பளவு உப்பில் நின்றன.

“உப்பை வாரிப் போடுப்பா, அடியைப் பாக்கணும். தூணு நெஞ்சு உசரத்துல நல்லாத்தான் இருக்கும். சாவுறது கால்லதான்” என்றார்.

“மழை வருது, எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? அடுத்த வாட்டி பாத்துக்கலாம்” என்றேன் நான், சூப்பர்வைசர்.

போகும்போது, அங்கே சாப்பிட உட்கார்ந்திருந்த, உப்பு வாரும் அஞ்சலையிடம் பின்வரிசையைக் காட்டி, “யம்மா, அந்தப் பக்கம் உக்காராத. நான் பாக்கல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் எழுதிக் கொடுத்த தாளை டைப் செய்தது நான். அந்த மூன்று தூண்களின் கட்டத்தில் அளவு இல்லாவிட்டால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். பக்கத்துத் தூண்களின் அளவையே அவற்றிலும் போட்டு நிரப்பினேன். கையெழுத்துக்கு நீட்டியபோது அவர் படிக்கவில்லை. “நீ அடிச்சதை நான் எதுக்குப் படிக்கணும்?” என்று சிரித்தபடி போட்டுக் கொடுத்தார்.

நாலு நாள் கழித்து அஞ்சலை என்னிடம் கேட்டாள்: “மேஸ்திரி, அந்த மீட்டர்காரரு உக்காராதன்னாரே, இப்ப உக்காரலாமா?”

“எல்லாம் பாத்தாச்சு, உக்காரு” என்றேன்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் பின்வரிசை முறிந்து கூரை இறங்கியது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். பின்தூண் பக்கம் உட்கார்ந்திருந்த அஞ்சலையால் ஓட முடியவில்லை; அங்கேயே போய்விட்டாள். உப்பை வாரியபோது தூண்களின் அடி விரலால் தொட்டதும் உதிர்ந்தது.

விசாரணையில் அதிகாரி அந்த ரிப்போர்ட்டை அருள்தாஸின் முன்னால் வைத்தார். அப்போதுதான் அவர் அதைப் படித்தார். மூன்று கட்டங்களையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைத் தூக்கவே இல்லை. “படிக்காம போட்டேன். கையெழுத்து என்னுதுதான்” என்றார். அதன்பிறகு யாரும் அவரை அளக்கக் கூப்பிடவில்லை. மீட்டரைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார் என்று மேரி சொன்னார். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்க எனக்குக் கடைசிவரை துணிவு வரவில்லை. பாவி நான்.

அவர் கையால் எழுதிக் கொடுத்த அந்தத் தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. இவ்வளவு நாளும் கிழிக்கவும் முடியவில்லை, காட்டவும் முடியவில்லை. மூன்று கட்டங்களிலும் ‘பாக்கல’ என்று அழுத்தி எழுதியிருக்கிறார். நாளை அதை அதிகாரியிடம் கொடுக்கப் போகிறேன். அதற்கு முன்னால், இந்தக் கூட்டத்தில் பின்னால் நிற்கும் அஞ்சலையின் புருஷனிடம் ஒன்று சொல்ல வேண்டும். கோவிந்தா, உன் பொண்டாட்டியை உட்காராதே என்று சொன்னவர் இவர். உட்காரச் சொன்னவன் நான்.