அது நம்முடையதா, எங்களுடையதா?

வீட்டில் அவளுக்கு ரெண்டுவாய்க்காரி என்று பெயர். வைத்தது நாத்தனார். பாராட்டி வைத்த பெயர் என்று சொல்ல முடியாது, ஆனால் பொருத்தமான பெயர். ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் வழக்குப் போடுகிற பெரிய நீதிமன்றம் இருக்கிறதே, அங்கே அவள் மொழிபெயர்ப்பாளர். மன்றத்தின் பின்சுவரில், பரண் உயரத்தில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே இரண்டு நாற்காலி, இரண்டு மைக், ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர், இருமல் வந்தால் அமுக்க ஒரு பொத்தான். கீழே வக்கீல்கள் நீதிமன்ற மொழியில் பேசப் பேச, அவள் கையோடு தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பேசுகிறவர் “நான்” என்றால் அவளும் “நான்” என்பாள். காலையில் அமைச்சராக இருப்பாள். சாப்பாட்டுக்குப் பிறகு அதே அமைச்சரைக் கிழிகிழியென்று கிழிக்கும் வக்கீலாக இருப்பாள். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

இத்தனை பதவி வகித்தும் சொந்த வேலை நிரந்தரமில்லை. ஒப்பந்தம் முடியும், நீட்டிப்பார்கள், மறுபடி முடியும். இந்த முறை மொழிப்பிரிவுத் தலைவி கொஞ்சம் மனசு வைத்திருந்தார். “இந்த ஆத்துத்திட்டு கேஸை மட்டும் பிசகில்லாம முடிச்சுக் குடு. நிரந்தரம் பண்ணிடலாம்” என்று சொல்லியிருந்தார்.

ஆற்றுத்திட்டு வழக்கு இதுதான். இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஓர் ஆறு. தண்ணீர் வற்றினால் நட்டாற்றில் ஒரு மணல்திட்டு தலைகாட்டும். வெள்ளம் வந்தால் முழுகிவிடும். முழுகியிருக்கும்போது ஒருவரும் சொந்தம் கொண்டாடுவதில்லை. தலைகாட்டியதும் இரண்டு அரசாங்கமும் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். இக்கரையின் சாட்சியாக ஒரு வயதான ஓடக்காரரைக் கூட்டிவந்திருந்தார்கள். அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். காதில் ஹெட்போனை மாட்டி உட்காரவைத்தால், அவள் குரல்தான் அவருக்கு நீதிமன்றம்.

பிசகு வீட்டிலிருந்தே கிளம்பிவிட்டது. அவள் புருஷனும் அவனுடைய அக்காவான அந்த நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசிக்கொள்வதில்லை. பேச்செல்லாம் இவள் வழியாகத்தான். அன்று காலையும் கச்சேரி களைகட்டியது.

“உன் புருஷன்கிட்ட சொல்லு, பாத்ரூம் கதவைச் சாத்தத் தெரியாதவனுக்குக் கதவு எதுக்குன்னு.”

“என்னங்க, கதவு சரியாச் சாத்த மாட்டேங்குதாம்” என்றாள் இவள்.

“மொதல்ல அவ வாயைப் பூட்டச் சொல்லு!”

“அண்ணி, பூட்டை மாத்திடலாம்ங்கறார்.”

எங்கள் கதவு, உங்கள் பூட்டு என்றெல்லாம் அவள் வாயில் வராது. நம்ம கதவு, நம்ம பூட்டு, நம்ம தலையெழுத்து. அப்படிப் பேசிப் பேசித்தான் அந்த வீடு இன்னும் இரண்டாகப் பிரியாமல் இருந்தது. அதே நாக்கோடு அவள் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

அக்கரை நாட்டின் வக்கீல் எழுந்தார். கணீர் குரல். தலைமுறை தலைமுறையாக அந்தத் திட்டில் ஓடம் கட்டியது யார், ஆடு மேய்த்தது யார் என்று அடுக்கிக்கொண்டே போய், முத்தாய்ப்பாக மேசையைத் தட்டி ஒரு வாக்கியம் சொன்னார். அதை அவள் உருக்கமாகவே தமிழில் சொன்னாள்: “அந்தத் திட்டு நம்முடையது.”

கீழே ஓடக்காரர் எழுந்தார். ஹெட்போன் கம்பி இழுபட இழுபட நடுக்கூடத்தைக் கடந்து போய் எதிர்க்கட்சி வக்கீலின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இதைத்தானேய்யா நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்! நம்மளதுதான்! இதுக்கா இவ்வளவு தூரம் வரச்சொன்னீங்க? வாங்க, போலாம்!”

காவலர்கள் ஓடினார்கள். வக்கீல் கையை உருவப் பார்த்தார். துடுப்புப் போட்ட கை, விடுகிறதாக இல்லை.

கண்ணாடி அறையில் பக்கத்து நாற்காலிக்காரி பொத்தானை அமுக்கிக்கொண்டு கிசுகிசுத்தாள். “அக்கா, எங்களுடையதுன்னு சொல்லணும். நம்முடையதுன்னுட்டீங்க.”

“ஐயையோ!”

“பேசாம இருங்க. அவங்க மொழியில ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான். பெரியவருக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனைச்சுக்குவாங்க. ஒருத்தருக்கும் தெரியாது.”

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த மனிதருக்குப் பைத்தியக்காரப் பட்டம். கீழே ஏற்கெனவே ஒரு காவலர் அவர் தோளில் கை வைத்துவிட்டார். அவள் மைக்கைத் திறந்தாள்.

“மன்னிக்க வேண்டும். இது மொழிபெயர்ப்பாளரின் பிழை.”

தலைமை நீதிபதி விளக்கம் கேட்டார். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நம்முடையது’, தள்ளிவைத்தால் ‘எங்களுடையது’ என்று அவள் சொன்னாள். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வக்கீலைப் பார்த்தார்.

“அப்படியானால் தாங்கள் சொன்னது எது? இவர்களைச் சேர்த்தா, சேர்க்காமலா?”

வக்கீல் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில் சொன்னார்: “அரசைக் கலந்தாலோசித்துத்தான் சொல்ல முடியும்.”

மன்றம் இடைவேளைக்குக் கலைந்தது. அமைச்சகம் சட்டத்துறையைக் கேட்டதாம், சட்டத்துறை நில அளவைத்துறையைக் கேட்டதாம், அங்கே அதிகாரி சாப்பிடப் போயிருந்தாராம். ஒருவழியாகப் பிற்பகலில் பதில் வந்தது. வக்கீல் அதை வாசித்தார். அவள்தான் தமிழில் சொல்லியாக வேண்டும்.

“எங்களுடையது. உங்களைச் சேர்க்காமல்.”

ஓடக்காரர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்புறம் அதை எடுக்கவே இல்லை.

சாயங்காலம் தலைவி கூப்பிட்டனுப்பினார். “உன் ஒரு வார்த்தையால ஒரு கவர்மெண்ட்டே முழி பிதுங்கி நின்னுச்சு. நீயா ஒத்துக்கிட்டதால நம்ம ஆபீஸ் தப்பிச்சுது. வேலை நிரந்தரம். போ, போய் முகத்தைக் கழுவு.”

சந்தோஷப்படத் தெம்பில்லாமல் வாசலுக்கு வந்தாள். படியில் ஓடக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். “கொஞ்சம் தள்ளிக்குங்கய்யா, எடுத்துத் தர்றேன்” என்றாள். குரலைக் கேட்டதும் நிமிர்ந்துவிட்டார்.

“காதுல பேசினது நீதானாம்மா?”

“ஆமாங்கய்யா. காலையில சொன்னது என் தப்பு.”

“தப்போ ரைட்டோ, கேட்க நல்லா இருந்துச்சு.” செருப்பை மாட்டிக்கொண்டார். “என் தங்கச்சி அந்தக் கரையிலதான் வாக்கப்பட்டிருக்கா. கோர்ட்ல என்ன சொன்னாங்கன்னு மொதல்ல அவதான் கேப்பா. நான் என்னம்மா சொல்றது?”

அவள் திரும்பி ஒருமுறை கட்டடத்தைப் பார்த்தாள். தலைவி அறையில் விளக்கு எரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நம்மளதுன்னு சொன்னாங்கன்னே சொல்லுங்கய்யா.”

நிரந்தர ஊழியராக அவள் செய்த முதல் மொழிபெயர்ப்பு அது. தப்பு என்று தெரிந்தேதான் செய்தாள்.